வாஷியில் உப்பங்கழி ஓரம் மறுகட்டுமானம்: மண்ணைத் தோண்டும் முன் ஒப்பந்தத்தில் எதை எழுத வேண்டும்?

கேள்வி: வாஷி_செயலாளர்

அனைவருக்கும் வணக்கம். நவி மும்பையின் வாஷியில், இந்நகரை உருவாக்கிய அரசு நிறுவனமான சிட்கோ கட்டிக்கொடுத்த பழைய குடியிருப்பு ஒன்றின் வீட்டுவசதிச் சங்கத்துக்குச் செயலாளராக இருக்கிறேன். கட்டடங்கள் வலுவிழந்துவிட்டதால் இடித்துக் கட்டுவது என்று பொதுக்குழுவில் முடிவாகி, கட்டுநரையும் தேர்ந்தெடுத்துவிட்டோம். மேம்பாட்டு ஒப்பந்தம் மட்டும் இன்னும் கையெழுத்தாகவில்லை.

மனையின் பின்புற மதிலை ஒட்டி நாலா, அதாவது மழைநீர் வடிகால், ஓடுகிறது. அது சிறிது தொலைவில் தேக்கக் குளம் ஒன்றில் சேர்ந்து, அங்கிருந்து அலையாத்திக் காட்டின் ஊடாகத் தாணே கழியில் கலக்கிறது. நீர் வற்றும் நேரத்தில் எங்கள் மொட்டை மாடியில் நின்றால், கொக்குகளும் உள்ளான்களும் சேற்றில் இரை தேடுவது தெரியும். பனிக்காலம் தொடங்கிவிட்டால் பூநாரைக் கூட்டங்கள் தலைக்கு மேல் பறந்து செல்லும். இருட்டிய பிறகு நரிகள் ஊளையிடுவதையும் சில நாட்களில் கேட்டிருக்கிறோம்.

புதிய வரைபடத்தில் இரண்டு அடித்தள வாகன நிறுத்தங்கள் இருக்கின்றன. அவ்வளவு ஆழத்துக்குத் தோண்டும்போது வெளிவரும் மண்ணும், குழியிலிருந்து இறைக்கும் நீரும், கான்கிரீட் கழிவும் அந்த நாலா வழியாகத்தான் போகும் என்பது எனக்குப் பெரும் கவலையாக இருக்கிறது. ஒப்பந்த வரைவில் இதைப் பற்றி இருப்பது ஒரே ஒரு வரி: "சுற்றுச்சூழலுக்குக் கேடு விளையாத வகையில் பணிகள் நடைபெறும்." இந்த வரியைக் காட்டி யாரையும் எதையும் செய்ய வைக்க முடியாது என்று நான் சொல்கிறேன். அனுமதி கொடுக்கும் துறைகள் பார்த்துக்கொள்ளும், சங்கம் இதில் தலையிட வேண்டியதில்லை என்பது உறுப்பினர்களில் பாதிப் பேரின் வாதம்.

கட்டுமானத் துறையிலும், பறவைகள் பற்றியும், சட்டத்திலும் அனுபவமுள்ளவர்கள் இங்கே இருக்கிறீர்கள். எந்த நிபந்தனைகளைக் கட்டாயம் எழுத வேண்டும், எவற்றை முதலில் வலியுறுத்த வேண்டும், அவை நடக்கின்றனவா என்பதை எங்களைப் போன்ற சாதாரணக் குடியிருப்போர் எப்படிச் சரிபார்ப்பது என்று விளக்கினால் மிகவும் உதவியாக இருக்கும்.

பதில் 1: முலுண்ட்_பொறியாளர்

வணக்கம் அம்மா. ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன்பே கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கையில் உண்மையான வலு இருப்பது இந்தக் கட்டத்தில்தான். மனையை ஒப்படைத்த பிறகு எழுதும் கடிதங்களுக்கு அவ்வளவு மதிப்பு இருக்காது.

எண்ணெய், சிமெண்ட், குப்பை, ஓசை என்று பல தீங்குகள் இருந்தாலும், நீர்நிலையை ஒட்டிய பணியிடத்தில் அளவிலும் விளைவிலும் பெரியது மண்தான். அதைத்தான் முதலில் பிடிக்க வேண்டும். மண் இயற்கையான பொருள்தானே என்று பலரும் எண்ணுவதால் அது கேட்பாரற்றுப் போய்விடுகிறது. கழியோரத்தில் பெரும்பாலும் இருக்கும் வெண்கண்டல் மரங்கள், சேற்றுக்கு மேலே பென்சில் கனத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் மூச்சுவேர்களால்தான் காற்றைப் பெறுகின்றன. புதிய களிமண் வந்து அந்த வேர்களை மூடிவிட்டால் மரம் மெல்ல மெல்லச் சாகும். யாரும் வெட்டாமலே மரம் பட்டுப்போவதால், பிறகு பொறுப்பேற்கவும் ஆள் இருக்காது.

மண் துகள் நீரில் எவ்வளவு நேரத்தில் படியும் என்பதைத் தெரிந்துகொண்டால் மற்றவை தாமாகவே விளங்கும். அசையாத நீரில் ஒரு மீட்டர் ஆழம் இறங்குவதற்கு நுண்மணலுக்கு இரண்டு மூன்று நிமிடம் போதும், வண்டலுக்கு முக்கால் மணி நேரம் ஆகலாம், மிக நுண்ணிய களிமண்ணுக்கோ மூன்று நாட்களும் போதாது. வாஷி மனைகளின் அடியில் இருப்பது பெரும்பாலும் கடற்களி. ஆகவே குழியின் ஓரத்தில் சின்னத் தொட்டி ஒன்றைக் கட்டி, அதன் வழியாக நீரை விட்டுவிட்டு, "வடிகட்டித்தான் அனுப்புகிறோம்" என்று சொல்வதில் பொருளில்லை. மணல் மட்டும் தங்கும், களி முழுவதும் வெளியேறிவிடும். அந்தக் களி நாலாவின் நன்னீரில் மிதந்து சென்று, உப்புநீரைத் தொட்டதும் திரண்டு கீழே இறங்குகிறது. அது இறங்கும் இடம் மூச்சுவேர்களும் நண்டு வளைகளும், கோலி மீனவர்கள் நிவ்டி என்று பிடிக்கும் துள்ளு மீனின் பொந்துகளும் இருக்கும் அதே சேற்றுப் பரப்பு.

எனவே முதல் நிபந்தனை காலம் பற்றியதாக இருக்கட்டும். மும்பையில் பருவமழை ஜூன் இரண்டாம் வாரத்தை ஒட்டித் தொடங்கி அக்டோபர் முற்பகுதிவரை நீடிக்கிறது, இந்த நான்கு மாதங்களில் 2000 மில்லிமீட்டருக்கும் மேல் கொட்டுகிறது. அக்டோபர் நடுவில் தோண்டத் தொடங்கி, மே மாத இறுதிக்குள் அடித்தளத்தின் கான்கிரீட் தரையும் சுற்றுச் சுவர்களும் முடிந்திருக்க வேண்டும் என்று எழுதுங்கள். ஏதோ காரணத்தால் தொடக்கம் பிப்ரவரிக்கு மேல் தள்ளிப்போனால், அந்த ஆண்டு தோண்டக் கூடாது, இடிப்புப் பணியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். கட்டுநருக்கு இது கசக்கும். ஆனால் திறந்த குழியோடு மழைக்காலத்தைக் கடப்பதுதான் நான் பார்த்தவற்றில் மிக மோசமான நிலை. இரவெல்லாம் குழி நிறையும், காலையில் மூன்று நான்கு பம்புகளைப் போட்டுச் சேற்றுநீரை அப்படியே நாலாவில் இறைத்துவிடுவார்கள், அதைத் தடுக்க எந்தத் தொட்டியாலும் முடியாது.

இரண்டாவது, வரிசை. தோண்டும் இயந்திரம் உள்ளே வருவதற்கு முன்பே மனையின் தாழ்ந்த விளிம்பு முழுவதும் ஜியோடெக்ஸ்டைல் துணித் தடுப்பு நிற்க வேண்டும். அதன் அடிப்பகுதியை மண்ணுக்குள் ஓரடியாவது புதைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் நீர் அடியில் புகுந்து போய்விடும். வெளியிலிருந்து மனைக்குள் வரும் மழைநீரைத் தனி வாய்க்காலில் திருப்பிவிட்டால், அழுக்காகும் நீரின் அளவே பாதியாகக் குறையும். குழிநீருக்கு அடுத்தடுத்து மூன்று அறைகள் கொண்ட தொட்டி தேவை, களி திரண்டு படிவதற்கு அளவோடு படிகாரம் போன்ற பொருளைச் சேர்க்கும் ஏற்பாடும் தேவை. வெளியேறும் நீருக்கு எல்லையையும் எண்ணில் எழுதிவிடுங்கள். உள்நாட்டு நீர்நிலைகளில் விடும் கழிவுநீருக்கான பொது வரம்பு, நீரில் கரையாமல் கலந்திருக்கும் திடப்பொருள் லிட்டருக்கு 100 மில்லிகிராம், பி.எச். எனப்படும் அமில-கார அளவு 5.5 முதல் 9 வரை என்று சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளில் இருக்கிறது, அதையே எடுத்துக்கொள்ளலாம்.

பி.எச். முக்கியம் என்பதற்குக் காரணம் சிமெண்ட். கான்கிரீட் கொண்டுவரும் டிரான்சிட் மிக்ஸர் லாரியின் டிரம்மையும் சரிவுத் தகட்டையும் கழுவிய நீரின் பி.எச். 12-ஐத் தாண்டும், அது மீனின் செவுளை எரித்துவிடும். கழுவுவதற்கென்று தார்ப்பாய் விரித்த தனிக் குழி இருக்க வேண்டும். நிலத்துக்குள் ஆழமாகத் துளையிட்டுக் கான்கிரீட் தூண் இறக்கும் பைலிங்கில் பயன்படும் பென்டோனைட் களிமண் குழம்பையும் மூடிய தொட்டிகளில்தான் சுழற்ற வேண்டும், எஞ்சியதை டேங்கரில் வெளியே கொண்டுபோக வேண்டும். தோண்டி எடுத்த கடற்களியை மனையிலேயே மாதக்கணக்கில் குவித்து வைக்க விடாதீர்கள். இத்தகைய மண்ணில் இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட் இருப்பதுண்டு. காற்றுப் பட்டால் அது அமிலமாக மாறி, அடுத்த மழையில் வழிந்தோடும்.

தயங்கும் உறுப்பினர்களிடம் ஒன்றைச் சொல்லுங்கள். நவி மும்பையின் தாழ்வான பகுதிகள் மழைக்காலத்தில் மூழ்காமல் இருப்பது தேக்கக் குளங்களால்தான். கடல் ஏறும்போது மதகுக் கதவு மூடிக்கொள்கிறது, ஊரின் மழைநீர் குளத்தில் காத்திருக்கிறது, கடல் வற்றும்போது கதவு திறந்து நீர் கழிக்குப் போகிறது. அக்குளங்கள் பலவற்றில் ஏற்கெனவே வண்டல் படிந்து, அதன்மேல் அலையாத்தியும் முளைத்துவிட்டதால், தூர்வாருவதற்கே நீதிமன்ற அனுமதி வரை செல்ல வேண்டியிருக்கிறது. உங்கள் மனையிலிருந்து போகும் ஒவ்வொரு லோடு சேறும் அந்தக் குளத்தின் கொள்ளளவைக் குறைத்து, உங்கள் தெருவிலேயே முழங்கால் அளவு நீராகத் திரும்பி வரும்.

பதில் 2: சேற்றுப்பறவை

பொறியாளர் ஐயா சொன்ன காலக்கணக்கை நான் மனமார ஏற்கிறேன். ஆனால் அதில் ஒரு முரண் இருக்கிறது, அதை இப்போதே எதிர்கொள்வது நல்லது. மண்ணுக்கு ஏற்ற அக்டோபர் முதல் மே வரையிலான மாதங்கள்தான் வலசைப் பறவைகள் தாணே கழியில் தங்கும் மாதங்களும். பூநாரைகள் பெரும்பாலும் நவம்பர், டிசம்பர் வாக்கில் சேரத் தொடங்கி, மழை வரும்வரை இருக்கின்றன. கழியின் ஒரு பகுதி, ஏறக்குறைய 1690 ஹெக்டேர், 2015-இல் பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் இடம்பெற்றது. அந்தப் பறவைகள் சரணாலய எல்லைக்குள் மட்டும் வாழ்வதில்லை என்பதுதான் இங்கே முக்கியம்.

மண்ணா ஓசையா என்று ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால், நான் மண்ணைத் தடுப்பதையே தேர்ந்தெடுப்பேன். ஓசை நின்றதும் பறவை திரும்பி வரும். சிறு பூநாரை உண்பது சேற்றின் மேல்படலத்தில் வளரும் நீலப்பச்சைப் பாசியையும் நுண்ணுயிர்களையும்தான். அந்தப் படலத்தின்மேல் களி படிந்துவிட்டால் ஓசை நின்ற பிறகும் திரும்பி வர அங்கே இரை இருக்காது. எண்ணூர்க் கழியில் சாம்பல் படிந்து ஆழம் குறைந்து மீன்வளம் குன்றியதைத் தமிழ்நாட்டுச் செய்திகளில் நாமெல்லாம் படித்திருக்கிறோம்.

இருந்தாலும் ஓசையையும் பெருமளவு குறைக்க வழியுண்டு, அதற்குக் கடலின் ஏற்ற வற்றக் கணக்கைப் பார்த்தால் போதும். வற்றத்தின்போது பறவைகள் திறந்த சேற்றில் மேய்கின்றன. ஏற்றத்தின்போது சேறு மூழ்கிவிடுவதால், நெருள், சீவுட்ஸ் பக்கத்து ஈரநிலங்கள் போன்ற இடங்களுக்குப் போய் இளைப்பாறுகின்றன. உங்கள் மனைக்கு அருகில் இருப்பது மேய்ச்சல் சேறு என்றால், பாறை உடைப்பது, பைல் தலையை வெட்டுவது போன்ற பேரோசைப் பணிகளைப் பகல்நேர ஏற்றத்தை ஒட்டிய மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒதுக்கச் சொல்லலாம். அருகில் இருப்பது இளைப்பாறும் இடம் என்றால், அதற்கு நேர்மாறாக வற்றத்தில் செய்யச் சொல்லுங்கள். ஏற்றம் நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும் என்பதால், கடிகார நேரத்தை நிபந்தனையாக எழுதாமல், மாதந்தோறும் ஏற்ற வற்ற அட்டவணையைப் பார்த்து நேரப் பட்டியல் தர வேண்டும் என்று எழுதுங்கள். பைலிங்கை அக்டோபர், நவம்பரிலேயே முடிக்க முடிந்தால் இன்னும் நல்லது. மனையின் கழிப்பக்க மதிலை இடிக்காமல் கடைசிவரை வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்; சிவ்ரியில் அடல் சேது கடல்பாலம் சேற்றுப்பரப்பைக் கடக்கும் இடத்தில் ஒலித்தடுப்புகளை நிறுத்தியிருக்கிறார்கள், உங்களுக்கு அந்த மதிலும் அதன்மேல் உயர்த்திய தகடும் போதும்.

விளக்கு பற்றி ஒரு வரி: கிரேனின் உச்சியிலிருந்து கழியை நோக்கி வீசும் வெள்ளை ஃப்ளட் லைட் ஒன்றுகூட வேண்டாம், கீழ்நோக்கி மூடிய மஞ்சள் விளக்குகள் போதும்.

யாரும் ஒப்பந்தத்தில் எழுதாத ஒன்று தொழிலாளர் குடியிருப்பு. அங்கே சமையல் எரிவாயு கொடுக்காவிட்டால் விறகுக்கு அலையாத்தியைத்தான் வெட்டுவார்கள், அதில் அவர்களைக் குறை சொல்ல முடியாது. கழிப்பறை இல்லாவிட்டால் நாலாக்கரைதான் கழிப்பறை. உணவுக் கழிவை அன்றன்றே அகற்றாவிட்டால் தெருநாய்கள் கூடும்; நாய்கள் காட்டுக்குள் புகுந்து தரையில் கூடு கட்டும் பறவைகளின் முட்டைகளைத் தின்னும், நரிகளுக்கு வெறிநோயையும் டிஸ்டெம்பர் என்ற தொற்றுநோயையும் கொண்டுபோகும். தொழிலாளர்களுக்குக் கண்ணியமான வசதிகளைச் செய்துகொடுத்தாலே கழிக்குப் பாதிப் பாதுகாப்புக் கிடைத்துவிடும் என்பது என் உறுதியான கருத்து.

மறுவினா: வாஷி_செயலாளர்

இருவருக்கும் மிக்க நன்றி. நேற்றைய கூட்டத்தில் உங்கள் கருத்துகளை வாசித்துக் காட்டினேன். தேக்கக் குளம் பற்றிய பகுதி பலரின் மனத்தை மாற்றியது, ஏனென்றால் தரைத்தள வீட்டுக்காரர்கள் ஒவ்வொரு ஜூலையிலும் படும் பாடு எல்லாருக்கும் தெரியும். கட்டுநர் தரப்பிலிருந்து இரண்டு மறுமொழிகள் வந்தன. அரசு தரும் சுற்றுச்சூழல் அனுமதியிலேயே போதிய நிபந்தனைகள் இருப்பதால் ஒப்பந்தத்தில் தனியாக எழுதத் தேவையில்லை என்பது ஒன்று. எழுதினாலும் மீறலை யார் தீர்மானிப்பது, அதற்கு என்ன விளைவு என்பது தெளிவாக இல்லாததால் பின்னாளில் தகராறுதான் மிஞ்சும் என்பது மற்றொன்று. இரண்டாவதில் நியாயம் இருப்பதாகவே எனக்கும் தோன்றுகிறது. இதை எப்படி எழுதுவது?

பதில் 3: சட்டம்_படித்தவன்

அனுமதியில் எல்லாம் இருக்கிறது என்றால், அந்த அனுமதிக் கடிதத்தையே ஒப்பந்தத்தின் இணைப்பாகச் சேர்க்கச் சொல்லுங்கள். கட்டுநர் மறுக்கக் காரணம் இருக்காது. 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டுமானப் பரப்புள்ள திட்டங்களுக்கு முன்அனுமதி தேவை. அதைப் பெற்றவர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை இணக்க அறிக்கை தாக்கல் செய்ய வேண்டும். உங்கள் திட்டம் அந்தப் பரப்பை எட்டவில்லை என்றால், கட்டுநர் சுட்டிக்காட்டும் அனுமதியே இல்லாமல் போகலாம். ஆகவே முதலில் பரப்பளவை எழுத்தில் கேளுங்கள்.

அதைவிட முதன்மையானது தூரம். பம்பாய் உயர் நீதிமன்றம் 2018 செப்டம்பரில் வழங்கிய தீர்ப்பு, அலையாத்திக் காடுகளை அழிப்பது அரசமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையை மீறுவதாகும் என்று சொல்கிறது. காட்டைச் சுற்றி 50 மீட்டர் அகலத்துக்குக் கட்டுமானமோ இடிபாடு கொட்டுவதோ கூடாது என்பதையும் அது உறுதிப்படுத்தியது. இந்த அளவை எடுக்க வேண்டியது இன்று நிற்கும் மரங்களின் விளிம்பிலிருந்து. ஆகவே இடிப்பு தொடங்கும் முன், கடற்கரை ஒழுங்குமுறை மண்டல வரைபடத்தின்மேல் உங்கள் மனை எல்லையையும் அலையாத்தி விளிம்பையும் குறித்த அளவைப் படம் ஒன்றைச் சங்கம் தன் செலவிலேயே தயாரித்து வைத்துக்கொள்ள வேண்டும். இடிபாடு ஏற்றிய லாரிகள் இரவில் எங்கே கொட்டுகின்றன என்பது மும்பையில் தீராத சிக்கல். ஒவ்வொரு லோடுக்கும் கொட்டிய இடத்தின் ரசீது வேண்டும், ரசீது இல்லாத லோடை மீறலாகக் கணக்கிட வேண்டும் என்று எழுதுங்கள். காட்டுக்குள் கொட்டுவதைக் கண்டால் வனத்துறையின் அலையாத்திப் பிரிவுக்கு, இடக்குறியீட்டோடு கூடிய படத்தை அனுப்பி எழுத்தில் புகார் செய்யலாம்.

மீறலை யார் தீர்மானிப்பது என்பதற்கு உங்களிடம் ஏற்கெனவே விடை இருக்கிறது. மகாராஷ்டிரக் கூட்டுறவுச் சங்கச் சட்டத்தின் 79ஏ பிரிவின் கீழ் வந்த மறுகட்டுமான வழிகாட்டுதல்களின்படி, சங்கம் தனக்கென்று ஒரு திட்ட மேலாண்மை ஆலோசகரை, நாம் பி.எம்.சி. என்று சொல்பவரை, நியமிக்கிறது. கட்டுநர் திட்டச் செலவில் 20 சதவீதத்துக்கு வங்கி உத்தரவாதம் தர வேண்டும் என்பதும் அதே வழிகாட்டுதல்களில் இருக்கிறது. மேலே சொன்ன எண்களையும் வரிசையையும் பி.எம்.சி.யின் சான்றோடு இணையுங்கள்: தடுப்பும் தொட்டியும் முடிந்ததாக அவர் எழுத்தில் சான்றளிக்கும்வரை தோண்டும் பணி தொடங்கக் கூடாது. வெளியேறும் நீர் எல்லை மீறியதாக அவர் எழுதிக்கொடுத்தால், சரிசெய்யும்வரை இறைப்பு நிற்க வேண்டும். தூர்வாரும் செலவை அந்த உத்தரவாதத்திலிருந்து எடுத்துக்கொள்ளச் சங்கத்துக்கு உரிமை இருக்க வேண்டும். ஆலோசகரின் பணி ஆணையிலும் இதே சொற்கள் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இது தன் வேலை இல்லை என்று அவர் விலகிக்கொள்ள இடமிருக்கும்.

பதில் 4: முலுண்ட்_பொறியாளர்

சான்று கிடைக்கும்வரை பணியை நிறுத்திவைக்கச் சட்டம் படித்த நண்பர் சொன்ன முறைதான் சரி. குடியிருப்போர் எப்படிச் சரிபார்ப்பது என்று முதலிலேயே கேட்டிருந்தீர்கள், அதைச் சொல்லிவிடுகிறேன்.

இடிப்பு தொடங்குவதற்கு முன்பே, இந்த மாதத்திலிருந்தே, நாலாவில் இரண்டு இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: நாலா மனையை வந்தடையும் பக்கத்தில் ஒன்று, மனையைத் தாண்டிய பக்கத்தில் ஒன்று. வற்றத்தின்போது இரண்டிலிருந்தும் கண்ணாடிப் பாட்டிலில் நீர் எடுத்து, தேதி எழுதிய சீட்டை ஒட்டி, அருகருகே வைத்துப் படம் எடுத்து வையுங்கள். ஏற்றத்தில் எடுத்தால் மதகு மூடியிருக்கும், நீர் தேங்கி இரண்டும் கலந்துவிடும், ஒப்பிட முடியாது. நாலாவில் மேலிருந்தே சேறு வருகிறது என்று பின்னாளில் கட்டுநர் சொன்னால், இந்த இரட்டைப் பாட்டில்களே பதில் சொல்லும். பணி நடக்கும் மாதங்களில் இதை வாரந்தோறும் செய்யுங்கள், கனமழைக்கு மறுநாள் கட்டாயம் செய்யுங்கள். பாட்டிலை ஒரு மணி நேரம் அசையாமல் வைத்த பிறகும் கீழ்ப்பக்க நீர் பால்போல் கலங்கியிருந்தால், தொட்டி களியைப் பிடிக்கவில்லை என்று பொருள், அன்றே பி.எம்.சி.யை அழைத்து மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். பி.எச். தாள் மலிவாகக் கிடைக்கும், கான்கிரீட் போடும் நாட்களில் அதையும் நனைத்துப் பாருங்கள். நீலத்துக்கோ ஊதாவுக்கோ போனால் யாரோ மிக்ஸரை நாலாவில் கழுவியிருக்கிறார்கள்.

லாரி வாசலையும் கவனியுங்கள். சக்கரம் கழுவும் மேடை வாசலில் இருந்தும் தெருவில் சேற்றுத் தடம் தெரிந்தால், அந்தச் சேறு முழுவதும் முதல் மழையில் சாலையோர வடிகால் வழியாக அதே தேக்கக் குளத்துக்குத்தான் போகும். தெருவைத் துடைப்பத்தால் பெருக்கிச் சேற்றை மனைக்குள் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும், குழாய்நீர் பீய்ச்சிக் கழுவித் தள்ளக் கூடாது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேருங்கள். வானிலைத் துறை ஆரஞ்சு எச்சரிக்கை விட்ட நாளில் மண் குவியல்களைத் தார்ப்பாயால் மூடி, தொட்டிகளைக் காலி செய்துவிட்டுத்தான் ஆட்கள் கலைய வேண்டும் என்பதும் அதற்கடுத்த வரியாக இருக்கட்டும். வரைவு தயாரானதும் நீர்க்கட்டுப்பாட்டுப் பகுதியை மட்டும் இங்கே பதிவிடுங்கள் அம்மா, தொட்டியின் அளவு குழியின் பரப்புக்குப் பொருந்துகிறதா என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.